எலி வீட்டுச் சொரிமுத்து

மேலகரத்திலிருந்து குற்றாலம் போகிற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓர் ஓட்டுக் கட்டடத்தில் டாக்டர் நாறும்பூநாதன் வெள்ளெலி வளர்த்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் ஆரம்பித்தது. ஊர் அதற்கு எலி வீடு என்று பெயர் வைத்தது. வயலில் எலியை அடித்துக் கொல்லுகிற ஊரில் படித்த மனுஷன் ஒருவர் அதற்குத் தானியம் போட்டு வளர்க்கிறாரே என்று சிரித்தவர்களில் நானும் உண்டு. அங்கே எலிகளைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போனவன்தான் சொரிமுத்து.

அவன் குடும்பத்து ஆண்கள் வாயால் பேசுவதற்கு முன் அரிவாளால் பேசுகிறவர்கள். அவன் அப்பனைப் பங்காளி ஒருவன் வெட்டினான், அந்தப் பங்காளியைச் சித்தப்பன் வெட்டினான். தாயும் போன பிறகு அண்ணன் மாடன்தான் சொரிமுத்துவைத் தோளில் போட்டு வளர்த்தான். அரிவாளைத் தொடாத ஒரே ஆண்பிள்ளை சொரிமுத்து. அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: எலியை மேஜையில் வைத்து, கழுத்தின் மேல் பென்சிலை அழுத்தி, வாலைப் பிடித்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். கழுத்து முறிகிற சத்தம் கேட்டால் அடுத்த எலி. மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு கொலை செய்தால் இவன் தினமும் செய்தான்.

டாக்டரின் ஆராய்ச்சி குடலைப் பற்றியது. குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன, கெட்டது உள்ளே வந்தால் அவைதான் அடித்து விரட்டுகின்றன என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்க, சில கூண்டுகளில் குடிதண்ணீரில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கலந்து வைப்பார். குடலில் இருந்த கிருமியெல்லாம் செத்துப்போகும். பிறகு டைபாய்டு இனத்துக் கிருமியைத் துளி கொடுப்பார். அந்தக் கூண்டு எலிகள் பேதியாகி, முதுகு வளைந்து, மயிர் சிலிர்த்துச் செத்துவிழும். சாகாதது செத்ததன் வயிற்றைக் கிழித்துத் தின்னும். காலையில் கூண்டைத் திறந்தால் ரத்தமும் தலையும்தான் கிடக்கும்.

ஆனால் மருந்து குடித்த எலிகளில் சிலவற்றுக்கு, நல்ல எலியின் புழுக்கையை உப்புத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, சின்னக் குழாய் வழியாகத் தொண்டைக்குள் விடுவார்கள். கரைப்பதும் வடிப்பதும் சொரிமுத்து. அதே கிருமியைக் கொடுத்தாலும் அந்த எலிகள் அநேகமாகப் பிழைத்துக்கொண்டன. இதைச் சொரிமுத்து வீட்டில் சொன்னபோது, பீயைக் குடித்துப் பிழைப்பதற்குச் சாவது மேல் என்று மாடன் சிரித்தானாம்.

அறுபதாம் வருஷம் ஆனி மாதம் சாரல் நன்றாக விழுந்து குளத்துக்குத் தண்ணீர் வந்தது. மாடனுக்கும் அவன் பெரியப்பா மகன் இசக்கியப்பனுக்கும் வயல் ஒரே மடையில். தன் முறைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன மாடன், மடை அடைத்திருப்பதைப் பார்த்தான். இசக்கியப்பன் வரப்பில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். முதல் வெட்டு தோளில் விழுந்தது, இரண்டாவது வயிற்றைத் திறந்தது. சரிந்து வந்த குடலைத் துண்டால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு இசக்கியப்பன் ரோடு வரைக்கும் நடந்தே வந்தான் என்பதை ஊர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும். இதில் என்ன பெருமையோ, எனக்கு விளங்கவில்லை. மாடன் அரிவாளோடு நேராகத் தென்காசி ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்தான்.

அன்றைக்கே இசக்கியப்பனின் ஆட்கள் மாடன் வீட்டு வைக்கோல் படப்புக்குத் தீ வைத்தார்கள். இரண்டு காளைகளின் பின்னங்கால் நரம்பை அறுத்தார்கள், அவை கத்திய கத்தல் மேலகரம் முழுக்கக் கேட்டது. சொரிமுத்துவை மட்டும் தொடவில்லை. இசக்கியப்பன் எழுந்து வந்து அவன் கையாலேயே வெட்ட வேண்டும், அதுவரை ஒருவனும் தொடக்கூடாது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். அண்ணன் ஜெயிலில் இருந்தால் தம்பி கழுத்துதான் பதில்.

தென்காசியில் ஒரு டாக்டர் இசக்கியப்பன் வயிற்றைத் தைத்தார். சீழ் பிடிக்காமல் இருக்கப் பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின், இன்னும் புதிதாக வந்த மருந்தெல்லாம் ஏற்றினார்கள். காயம் ஆறியது. ஆனால் பேதி பிடித்துக்கொண்டது. தண்ணீராகப் போய், பிறகு ரத்தமாகப் போய், அவ்வளவு பெரிய உடம்பு பாயோடு ஒட்டிப்போனது. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். மாடனின் வக்கீல் சொரிமுத்துவைக் கூப்பிட்டு, இசக்கியப்பன் பிழைத்தால் இது கொலை முயற்சி, செத்தால் கொலை, கொலையென்றால் உன் அண்ணனுக்குத் தூக்குதான் என்று சொல்லிவிட்டார்.

சொரிமுத்து டாக்டர் நாறும்பூநாதனின் காலைப் பிடித்து இசக்கியப்பன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனான், தான் வாசலோடு நின்றுகொண்டான். டாக்டர் நோயாளியைப் பார்த்ததும், இது நம்முடைய மருந்து குடித்த கூண்டு என்றார். குடல் காலியாகிவிட்டது, நல்ல குடல்காரன் ஒருவனுடைய மலத்தைக் கரைத்து எனிமாவாக ஏற்றினால் பிழைக்கலாம், அமெரிக்காவில் சிலருக்குச் செய்திருக்கிறார்கள் என்று இசக்கியப்பனின் மனைவி ரெங்கம்மாளிடம் சொன்னார். அவள் தன் ஆட்களைக் கேட்டாள். காளை நரம்பை அறுக்க வரிசையில் நின்ற வீரர்களில் ஒருவன்கூடச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போகச் சம்மதிக்கவில்லை. வெட்கமாம்!

அவர்கள் நழுவிய பிறகு, "நான் தாரேன்" என்றான் வாசலில் நின்ற சொரிமுத்து.

டாக்டர் அவனைத் தனியே இழுத்துக்கொண்டு போய், இசக்கியப்பன் எழுந்தால் முதலில் உன்னைத்தானே தேடுவான் என்று கேட்டார்.

"தேடட்டும் அய்யா. அவன் செத்தா எங்க அண்ணன் தொங்கிருவான்."

புருஷனுக்கு இது எந்தக் காலத்திலும் தெரியக்கூடாது என்று ரெங்கம்மாள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலையில், எலிக்குச் செய்த மாதிரியே, தன்னுடையதைத் தானே உப்புத் தண்ணீரில் கரைத்து வடித்துக் கொடுத்தான் சொரிமுத்து. இசக்கியப்பன் நினைவில்லாமல் கிடந்தான். அடுத்த நாளும் ஏற்றினார்கள். அதற்கடுத்த நாள் இசக்கியப்பன் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டான். செய்தி கேட்டுச் சொரிமுத்து எலிக் கூண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதான். அண்ணன் பிழைத்த சந்தோஷமும் தன் கழுத்துப் பயமும் ஒன்றாகத்தான் வந்தன.

மாடனுக்கு ஏழு வருஷம் போட்டார்கள். இசக்கியப்பன் தை மாதம் வெளியே நடந்தான். டாக்டர் சொரிமுத்துவைக் கடையம் பக்கம் போய்விடச் சொன்னார். எங்கே போனாலும் வரத்தான் செய்வான், வயிற்றில் தையல் போட்டவனை எதற்கு அலைய வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவன் எலிக்குத் தண்ணீர் வைக்கப் போனான்.

சித்திரையில் இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழா. அது முடிகிறவரை ரத்தம் சிந்தக்கூடாது என்று இசக்கியப்பன் காத்திருந்தான். ரெங்கம்மாள் நேர்ந்துகொண்டபடி பொங்கலிட்டாள். சாமியாடி அருள் வந்து ஆடி, அவள் முன்னால் நின்று திருநீற்றுக் கையை ஓங்கிக்கொண்டு, "ஒன் தாலியக் காத்தது ஆரு?" என்று கேட்டார். நீதான் தாயே என்று சொல்லிவிட்டு விபூதி வாங்குவதுதான் வழக்கம். ஆனால் சாமி முகத்துக்கு நேரே பொய் சொன்னால் தாலி போய்விடுமே என்று அவள் நடுங்கிவிட்டாள். "சொரிமுத்து" என்றாள். எப்படி என்று சாமி கேட்டது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மேளம் நின்றுபோயிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு நம் ஊர் சும்மா இருக்குமா? இசக்கியப்பன் டீக்கடைக்கு வந்தால், சொரிமுத்துவின் வயிறு வருகிறது என்றார்கள். ஏப்பம் விட்டால், யாருடைய ஏப்பம் என்றார்கள். இரண்டு பேர் பல்லை உடைத்துப் பார்த்தான், சிரிப்பு அடங்கவில்லை. ரெங்கம்மாளைத் தலைமுடியைப் பிடித்துத் தெருவில் இழுத்து அடித்தான். தடுக்கப் போனவர்களுக்கும் கிடைத்தது, எனக்கும் ஒன்று கிடைத்தது.

ஒரு நாள் காலையில் அரிவாளோடு எலி வீட்டுக்குள் நுழைந்தான். டாக்டர் இன்னும் வரவில்லை. கூண்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தரையில் அடித்தான். வெள்ளெலிகள் சிதறி ஓட, குனிந்து குனிந்து வெட்டினான், காலால் மிதித்து நசுக்கினான். தரை முழுக்க ரத்தம். மருந்து குடித்தது எது, புழுக்கை குடித்தது எது என்று இனி யாரும் சொல்ல முடியாது. டாக்டரின் நாலு வருஷ வேலை அந்த ரத்தத்தில் கிடந்தது. சொரிமுத்து சுவரோரம் நின்றான், ஓடவில்லை.

"என்னைய ஏன்லே பொழைக்க வச்ச?"

"எங்க அண்ணன் தூக்குல தொங்கப்படாதுன்னுதான். ஒமக்காவ இல்ல."

இசக்கியப்பன் அரிவாளைத் தாழ்த்தினான். இரக்கப்பட்டுக் கொடுத்தேன் என்று சொல்லியிருந்தால் கழுத்து போயிருக்கும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்த இரக்கத்தைத் தாங்கிக்கொண்டு அவனால் ஊரில் நடமாட முடியாது. பிறகு மேஜையைக் காட்டி, கையை வைக்கச் சொன்னான். சொரிமுத்து வலது கையை வைத்தான். ஒரே வெட்டு. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

"இனி ஒனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அரிவாளைத் துடைத்துக்கொண்டு போனான். தகரக் கூண்டு விழுந்து கை போனதாகச் சொரிமுத்து போலீசில் சொன்னான். ஏட்டையா நம்பவில்லை, எழுதிக்கொண்டார். டாக்டர் எலி வீட்டைப் பூட்டிவிட்டு மதுரைக்குப் போனார்.

நன்னடத்தைக் கழிவு போக மாடன் அறுபத்தாறிலேயே விடுதலையானான். சொரிமுத்து கோழி அடித்துக் குழம்பு வைத்து, அண்ணனை உட்காரவைத்து இலை போட்டான். இடது கையால் சோறு போட்டான். மாடன் அந்த வலது கையைப் பிடித்துப் பார்த்தான். என்ன நடந்தது என்று கேட்டான். ஜெயிலுக்குள் யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. சொரிமுத்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னான், உனக்காகத்தான் அண்ணே என்றும் சொன்னான்.

மாடன் இலையை மூடினான். "சாவட்டும்னு நான் வெட்டுனவன ஒன் வயித்தக் குடுத்து எழுப்பி விட்டுருக்க. தொங்கியிருந்தா மானத்தோட போயிருப்பேன். ஒன் கையால எனக்கு இனிமே சோறு வேண்டாம்."

எழுந்து போனவன் ராயகிரிப் பக்கம் கரும்பு வெட்டுகிற வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். தம்பி ஆள்விட்டுக் கூப்பிட்டும் வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. உன் அண்ணனும் ஒரு மனுஷனா என்று சொரிமுத்துவிடம் ஆத்திரமாகக் கேட்டேன். அவன் கட்டைவிரலால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"உயிரோட இருக்கான்லா. அதுக்குத்தான குடுத்தேன்" என்றான்.