அக்கா முந்திப் போட்ட போஞ்சி

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் படபடப்புதான் வருகிறது. போன வருடம் தை மாதத்தில் ஒரு விடியற்காலை அவருடைய தோட்டத்தில் நடந்ததை, அங்கே இல்லாதவர்களுக்கு எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்ற படபடப்பு அது.

அக்கா வட்டவளையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைக்குட்டி. அம்மா கொழுந்தெடுக்கப் போய்விடுவதால் எங்களுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அக்காதான். அவருடைய படிப்பு எட்டாம் ஆண்டோடு நின்றது. நான் ஆசிரியையானேன் என்றால் அதற்கு அவர் நிறுத்திக்கொண்ட படிப்பும் ஒரு காரணம்.

கல்யாணமாகி திம்புள்ளப் பக்கம் போனார். வட்டவளையில் எங்களுக்கு மழைதான் தெரியும். புல்லை வெள்ளையாக்கும் துகள் பனி தெரியாது. புது மருமகள் பொங்கல் முடிந்த கையோடு லயத்துக்குப் பின்னால், பீன்ஸ் என்கிறார்களே, அந்தப் போஞ்சியைப் போட்டார். நான்கு இலை விட்ட செடிகள் ஒரே காலையில் வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துப் போயின. அன்றிலிருந்து அக்கா மாசிக்கு முன் போஞ்சி விதையைத் தொட்டதில்லை. வாசலுக்கு வெளியே ஒரு தட்டில் தண்ணீர் வைப்பார். காலையில் அதில் ஐஸ் படிந்திருந்தால் மண்வெட்டி மூலையிலேயே இருக்கும். பத்து நாள் தொடர்ந்து படியாவிட்டால்தான் பாத்தி கட்டுவார்.

அவர் கணவர், என் மச்சான், நேர்மாறு. பொங்கல் பானை இறங்கியதும் விதைத்துவிடுவார். ஆகவே தோட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு பாதி அவருக்கு, ஒரு பாதி அக்காவுக்கு. முப்பது வருடங்களுக்கு மேலாக இந்தப் போட்டி நடந்தது. சில வருடம் மச்சான் பங்குனியிலேயே காய் பறித்து அக்கா முன்னால் கொட்டுவார். சில வருடம் அவர் பாத்தி முழுக்கக் கருகிக் கிடக்கும். அக்கா தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பார். லயமே இரண்டு கட்சியாக நின்றது. லீவில் போகும் நானும் எப்போதும் அக்கா கட்சி.

அந்தத் தைக்கு முந்திய மார்கழியில் அக்காவின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. டாக்டர் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. நான் லீவு போட்டுவிட்டு அவரோடு இருந்தேன். பொங்கலுக்கு மறுநாள் காலை அக்கா மச்சானைக் கூப்பிட்டார்.

"என்னங்க, இந்த வருசம் என் பாதியிலயும் இப்பவே போட்டுருங்க."

மச்சான், "வேணாம் புள்ள, பனி இன்னும் விடல. மாசி வரைக்கும் இருப்போம்" என்றார். காத்திருக்கச் சொல்லும் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அந்த லயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்கு இருக்க நேரமில்லங்க. காய பாக்கணும்."

இரண்டு பாதியிலும் போட்டோம். முளைத்தது. நான்கு இலையும் விட்டது. தை கடைசியில் ஒருநாள் காற்றே இல்லை, வானத்தில் பொட்டு மேகமில்லை. சாயங்காலம் கம்பளியைப் போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா, "இன்னிக்கு விழும்" என்றார்.

நான் ஒவ்வொரு வீடாக ஓடினேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்தபடியே வந்தார்கள். உரப்பை, பழைய சேலை, கோயில் தார்ப்பாய், எல்லாம் வந்தன. செடி நசுங்காமல் குச்சி நட்டு, இருட்டுவதற்குள் பாத்தி முழுவதையும் மூடினோம்.

விடியும்போது மலைச்சரிவு முழுக்க வெள்ளை. மூடியிருந்த துணிகள் விறைத்து நின்றன. தூக்கிப் பார்த்தால், ஓரங்களில் இலைமேல் உப்புத் தூவியதுபோல் பனி.

"தண்ணி ஊத்துங்க. வெயில் பட்டா கருகிரும். அதுக்குள்ள கரையணும்" என்றார் அக்கா.

மலை ஊற்றுநீர் விழும் பீலியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கைமாறி வந்தது. விரல் மரத்துப்போயிற்று. எதிர் மலையின் உச்சியில் வெயில் விழுந்து, ஒவ்வொரு தேயிலை வரிசையாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒரு வரிசை நனைத்தால் அது இரண்டு வரிசை இறங்கியது. "மேல பாக்காதீங்க, செடிய பாருங்க" என்று அக்கா குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசிப் பாத்தியில் மச்சான் தண்ணீர் தெளித்து நிமிரவும் வெயில் வேலியைத் தாண்டவும் சரியாக இருந்தது. நான் நனைந்த சேலையோடு சேற்றில் உட்கார்ந்து சிரித்தேன். எல்லாருமே சிரித்தார்கள்.

ஓரத்தில் ஒரே ஒரு வரிசை கருகியது. அக்கா அதை எட்டிப் பார்த்து, "அது உங்க பக்கம்" என்றார் மச்சானிடம்.

பங்குனியில் காய்த்தது. அக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிடி கொடுத்தனுப்பினார். தான் இரண்டு கரண்டி போஞ்சிக் கறி சாப்பிட்டு, உப்பு போதாது என்று என்னைத் திட்டினார். சித்திரை பிறந்த சில நாட்களில், மச்சானும் பிள்ளைகளும் நானும் பக்கத்தில் இருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

அன்று படங்கும் சேலையும் கொடுத்தவர்களுக்கும், வாளி சுமந்தவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு வேன் ஓட்டி வந்த தம்பிக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த தோட்ட மக்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இதை எழுதி முடித்ததும் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, ஒன்று விட்டுப்போயிற்று என்றார். அவர் சொன்னபடியே சேர்க்கிறேன்:

"முப்பது வருசமா நான்தான் துணிச்சக்காரன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன். பயப்படாதவ அவதான். அத எழுதிரும்மா."

அன்புத் தங்கை,
கொட்டகலை