இரண்டு ரா. செல்வமும் ஃபரீதாவும்

ஃபரீதா போய்விட்டாள். நேற்றுக் காலை அவள் மகள் போனில் சொன்னாள். "உம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க, ஆன்ட்டி." எனக்கு அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. நாகப்பட்டினத்தில் அந்த டிராவல்ஸில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவள் குரல் நன்றாகத் தெரியும். என்னை அவள் காப்பாற்றிய கதை தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஊரே வளைகுடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். அவள் எதையும் வாய்விட்டு வாசித்துத்தான் சரிபார்ப்பாள். "இங்க என்ன பாட்டுக் கச்சேரியா?" என்று எரிந்து விழுவேன். "கம்ப்யூட்டருக்கு ஆளைத் தெரியாதுடி. நமக்குத் தெரியணும்ல" என்பாள்.

ஒருநாள் இருநூறு பேரின் பட்டியல் வந்தது. ஆளுக்கு ஒரு வரி: பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண், ஊர். விண்ணப்ப எண் இருந்த இடத்தில் மட்டும் பாஸ்போர்ட் எண்ணைப் போட வேண்டும். பாஸ்போர்ட் எண்கள் வேறொரு பட்டியலில், பெயரும் பிறந்த தேதியும் மட்டும் சேர்த்து வந்திருந்தன. மற்றபடி ஓர் எழுத்தும் நகரக் கூடாது. நாலு மணிக்குப் பட்டியலை ஏற்றிய ஃபிளாப்பியோடு வண்டி சென்னைக்குக் கிளம்பும். பட்டியலில் என் தம்பி செல்வமும் இருந்தான். கீழ்வேளூர்ப் பக்கம் பிறர் வயலிலேயே உழைத்த எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக விமானம் ஏறப்போகிறவன்.

பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால் அந்த வரியின் எண்ணை மட்டும் மாற்றும்படி ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அதே கோப்பின் மேலேயே எழுத வைத்தேன். நகல் எடுக்கவில்லை. அவ்வளவு திமிர்.

மூன்றரை மணிக்கு, வாசித்துக்கொண்டே வந்த ஃபரீதா நின்றாள். "ஏண்டி, ரெண்டு ரா. செல்வத்துக்கும் ஒரே நம்பரா?"

இரண்டு வரிகளையும் ஒத்துப் பார்த்தேன். இனிஷியலும் ஒன்று, பெயரும் ஒன்று, பிறந்த தேதியும் ஒன்று. பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார்கள். என் சான்றிதழிலும் அதே தேதிதான். எனக்கா தெரியாது? முதலில் கிடைத்த எண்ணையே புரோகிராம் இருவருக்கும் போட்டிருந்தது. பாஸ்போர்ட் எண் வந்த பட்டியலில் ஊர் இல்லை. விண்ணப்ப எண்ணைச் சொல்லிப் பாஸ்போர்ட் ஆபீஸில் கேட்டு ஆளைப் பிரிக்கலாமென்றால் அதைத்தான் நானே அழித்துவிட்டேனே.

"முதல் நம்பர் முதல் ஆளுக்கே இருக்கட்டும். அடுத்ததை என் தம்பிக்குப் போட்டுடலாம். மணியாவுது" என்றேன்.

"ஏர்போர்ட்ல அவனை வேற ஆளுன்னு திருப்பி அனுப்பிட்டா? போனை எடு."

ஊரில் எங்கள் தெருமுனைக் கடைக்குப் போன் அடித்தோம். "அம்மா அறுப்புக்குப் போயிருக்காங்களே" என்றார் கடைக்காரர்.

"கூட்டியாங்கண்ணே. நாங்க லைன்லயே இருக்கோம்" என்றாள் ஃபரீதா.

வாசலில் டிரைவர் ஹாரனை அமுக்கினார். அவள் போய் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அம்மா அரிவாளும் கையுமாக ஓடிவந்து, பெட்டியில் இருந்த பாஸ்போர்ட்டை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறாள். அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். முதல் நம்பர்தான் தம்பியுடையது. என் பேச்சைக் கேட்டிருந்தால் இரண்டு செல்வங்களும் மாறிப்போயிருப்பார்கள்.

வண்டி தாமதமானதற்கு முதலாளி குதித்தார். "யாரு பண்ண வேலை இது?" நான் வாயே திறக்கவில்லை. "நாங்க ரெண்டு பேரும்தான் சார்" என்றாள் ஃபரீதா. திட்டில் பாதியை அவள் வாங்கிக்கொண்டாள்.

தம்பி போனான், பிழைத்தான், வீடு கட்டினான். அவனிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. அவளும் ஒரு நாள் சொல்லிக் காட்டியதில்லை. அவளிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த "ரெண்டு பேரும்" மட்டும்தான். தப்பு நான் தனியாகச் செய்தது, ஃபரீதா. நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.