ஆணியில் தொங்கிய பழைய சாவி

லோகநாதனுக்கு வாய் நீளம் என்று சொல்கிறவர்கள் ஆரணியில் நிறையப் பேர். கை நீளம் என்று ஒருவரும் சொன்னதில்லை, போன மாசி மாதம் வரைக்கும்.

நெசவாளி வீட்டில் பிறந்தும் தறியில் உட்கார முடியாத ஆள் அவன். இருபத்திரண்டு வயதில் ஸ்டீயரிங்கைப் பிடித்தவன், நாற்பத்தேழு வயதிலும் விடவில்லை. அவனுடைய வெள்ளைக் கார் மூன்று கை மாறி வந்தது. முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்களைப் போளூரிலிருந்தும் கலசப்பாக்கத்திலிருந்தும் அதில் ஏற்றி வருவான். மற்ற நாட்களில் பட்டு வியாபாரி ஹேமநாத்துக்குச் சரக்கு ஓட்டுவான். சரக்கு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பாவு, பட்டு நூல், எல்லாவற்றுக்கும் மேலாக டிசைன் அட்டை. சேலையின் கரையில் என்ன பூ விழ வேண்டும், முந்தானையில் எத்தனை மயில் நிற்க வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்த ஓட்டை போட்ட அட்டைகள்தான். ஹேமநாத்தின் புது அட்டைகளைக் கோணியில் கட்டிப் பெரணமல்லூர் பக்கத்துத் தறிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பதினோரு வருடமாக லோகநாதன் பொறுப்பு. அந்த அட்டை வேறொருவனிடம் ஒரு ராத்திரி இருந்தால் போதும். விரித்துப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, அதே சேலையை நமக்கு முன்னால் கடையில் தொங்கவிட்டுவிடுவான்.

அதுதான் நடந்தது. தையில் ஒரு டிசைன், மாசியில் ஒரு டிசைன். இரண்டும் ஹேமநாத்தின் கடைக்கு வருமுன்பே எதிராளி கடைக் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன.

"உன்ன சந்தேகப்படல லோகு," என்றார் ஹேமநாத். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. "ஆனா ரெண்டு தபாவும் அட்டை ராத்திரி உன் வண்டியிலதான் இருந்துச்சு. நான் இன்னா நெனைக்கட்டும், நீயே சொல்லு. அடுத்த டிசைன் வெள்ளிக்கிழமை போவணும். அதுவும் வெளிய பூட்ச்சுன்னா நீ இந்தப் பக்கம் வராத."

வாய் நீளமான லோகநாதன் அன்றைக்குத் தலையைக் குனிந்து கடைப்படி இறங்கிவிட்டான். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டான். மனைவி ஜெயம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "உண்மை தெரியாமயா பூடும்? பேஜார் பண்ணிக்காம சாப்பிடுங்க," என்று இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். இவள் ஒருத்தி நம்புகிறாளே, அது போதும் என்று அவன் சாப்பிட்டான். அந்த ரசத்தை நினைத்தால் எனக்கே இப்போது வயிறு எரிகிறது.

காரில் இன்னொரு தொல்லையும் இருந்தது. சாவி போடுகிற சுவிட்ச் தேய்ந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. சாவியை முழுக்க நுழைத்து, ஒரு நூல் அளவு வெளியே இழுத்து, பல்லைக் கடித்து அழுத்தித் திருப்பினால்தான் கார் உயிர் பெறும். இந்தச் சூட்சுமம் தெரிந்தவர்கள் ஊரிலேயே இரண்டு பேர். ஒன்று லோகநாதன். இன்னொன்று ஜெயத்தின் தம்பி தீனா. பக்கத்துத் தெருவில் தறி போட்டுக் குடியிருந்தான். பிள்ளை இல்லாத லோகநாதன் அவனைப் பிள்ளையாக வைத்து, அந்தக் காரிலேயே ஓட்டக் கற்றுக் கொடுத்திருந்தான்.

புதன்கிழமை சவாரியோடு வரும்போது கார் நடுரோட்டில் அணைந்து நின்றது. சாவியைத் தொட்டால் விளக்கு எரிகிறது, விட்டால் அணைகிறது. வெள்ளிக்கிழமை அட்டையோடு இப்படி நின்றால் யார் நம்புவார்கள்? வியாழக்கிழமை காலையே ஆட்டோ எலெக்ட்ரீஷியன் சதீஷிடம் கொண்டுபோய் நிறுத்தினான்.

சதீஷ் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்த மூடியைப் பிரித்து, பழைய சுவிட்சை வெளியே எடுத்தான். உள்ளே பித்தளை கறுத்து, ஒரு பக்கம் உருகியிருந்தது.

"இத்த வெச்சிகினு எப்படிண்ணே ஓட்டினீங்க? ஒரு நாள் பத்திகினு எரிஞ்சிருக்கும்."

"பழக்கம்தான். மாத்திட்டு ஜல்தியா குடு, சாயங்காலம் சரக்கு ஏத்தணும்."

புது சுவிட்ச் உட்கார்ந்தது. கூடவே பளபளவென்று இரண்டு புதுச் சாவி வந்தன. "ஸ்டார்ட் பண்ண இது. கதவுக்குப் பழைய சாவியேதான்," என்றான் சதீஷ். "பாத்து லேசா திருப்புங்கண்ணே. பழைய மாதிரி முரட்டுத்தனம் வேணாம்." லோகநாதன் விரல் நுனியால் திருப்பினான். கார் உடனே கிளம்பியது. சந்தோஷத்தில் சதீஷ் எதிரிலேயே அவன் சிரித்துவிட்டான்.

விடிந்ததும் கிளம்ப வசதியாகச் சாயங்காலமே மூன்று கோணி அட்டையைப் பின்சீட்டில் ஏற்றி, மேலே போர்வை போட்டு மூடி, காரைத் தெருமுனையில் நிறுத்திக் கதவைப் பூட்டினான். அவன் வீடு தெருவின் நடுவில். விடிந்தும் விடியாமலும் தெரு நீளத்துக்குப் பாவு விரித்து நீட்டுகிற இடம் அது, உள்ளே கார் நிறுத்த யாரும் விடமாட்டார்கள். ராத்திரியில் கோணி சுமந்து ஒருவன் நடந்தால் யாராவது கேட்பார்கள்; அந்தக் கார் எந்நேரத்தில் கிளம்பினாலும் ஏன் என்று கேட்கிறவர் இல்லை.

"வண்டி சரியாப் போச்சா?" என்று ஜெயம் கேட்டாள்.

"ஆச்சு."

சுவிட்சும் சாவியும் மாறியதை அவன் சொல்லவில்லை. விடிந்தால் வெள்ளிக்கிழமை. புதுச் சாவி இரண்டையும் சாமி படத்துக்கு முன் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, ஒன்றை அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தான். இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மஞ்சள் கயிறு கட்டிய பழைய சாவியை வழக்கம்போல் ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தான்.

காலை ஐந்து மணிக்கு ஆணியில் சாவி இல்லை. கார் கதவிலேயே விட்டுவிட்டோமோ என்ற பயத்தில், உள்தாழ்ப்பாளை நீக்கிவிட்டு ஓடினான். தெருவில் அப்போதுதான் பாவு நீட்டத் தொடங்கியிருந்தார்கள். கார்க் கதவு பூட்டாமல் இருந்தது. பின்சீட்டில் மூன்று கோணியும் கட்டுப் பிரியாமல் கிடந்தன. ஆனால் புது சுவிட்சில் புதுச் சாவி நுழையவில்லை. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தான். உள்ளே பழைய சாவி பாதியில் உடைந்து மாட்டியிருந்தது.

சீட்டில் உட்கார்ந்து யோசித்தான். யோசிக்க அதிகம் ஒன்றுமில்லை. சுவிட்ச் மாறியது தெரியாத ஆள், ஒரு நூல் இழுத்து, பல்லைக் கடித்து அழுத்தித் திருப்பியிருக்கிறான். அப்படித் திருப்பக் கற்றவன் ஒருவன்தான். கற்றுக் கொடுத்தவன் இவனேதான். தீனா எடுத்தான், சரி. ஆனால் சாவி இருந்தது வீட்டுக்குள்ளே. தாழ்ப்பாளோ உள்பக்கம் போட்டது போட்டபடி இருந்தது.

அதற்குப் பிறகு எழுந்து வீடு வரைக்கும் நடக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

ஜெயம் அடுப்படியில் நின்றிருந்தாள். அவன் கையை நீட்டினான். அவள் இடுப்பில் செருகியிருந்ததை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். மஞ்சள் கயிற்றோடு சாவியின் மேல்பாதி.

"அட்டைய கேட்ட அந்தக் கடைக்காரன் ரெண்டு தறிக்கு வேலை தர்றேன்னானாம். ஒரே ஒரு தபாதான் அக்கான்னு தீனா சொன்னான்," என்றாள். "ஜன்னல் வழியாதான் குடுத்தேன்."

"இது மூணாவது தபா."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னத் திருடன்னு சொன்னாங்கன்னு அன்னிக்கு வந்து அழுதேனே. அப்பவும் உனக்குத் தெரியும். தெரிஞ்சிகினேதான் சோறு போட்ட."

"அவன் பேரு வெளிய வந்தா ஊர்ல ஒருத்தரும் பாவு குடுக்கமாட்டாங்க. பொண்டாட்டி புள்ளயோட எங்க போவான்? சொல்லிடாதீங்க," என்று அழுதாள்.

"என் பேரு?" என்று கேட்டான் லோகநாதன். அவள் மறுபடியும் தம்பி பேரையே சொல்லி அழுதாள். அவனுக்கு நெஞ்சு அறுந்துபோனது அங்கேதான். தம்பிக்காகப் பொய் சொன்னாள் என்பது கூட ஆறிவிடும். இருபது வருடம் கூடவே வாழ்ந்தவனுக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லையே.

சதீஷ் வந்து ஊசி போன்ற கம்பியால் உடைந்த துண்டை வெளியே இழுத்தான். எப்படி உடைந்தது என்று கேட்டதற்கு, "முரட்டுத்தனம்," என்றான் லோகநாதன். அட்டைகளைப் பெரணமல்லூரில் சேர்த்துவிட்டு, நேரே ஹேமநாத்தின் கடைக்குப் போனான். மேஜை மேல் சாவியின் இரண்டு துண்டையும் வைத்தான்.

"செஞ்சது என் மச்சான் தீனாங்க. மூணு தபாவும் சாவி போனது என் வீட்டு ஆணியில இருந்துதான். எடுத்துக் குடுத்தது என் சம்சாரம்."

ஹேமநாத் இரண்டு துண்டையும் எடுத்து ஒட்டிவைத்துப் பார்த்தார். பிறகு, "உக்காரு லோகு. தப்பா நெனைச்சிட்டேன்," என்றார்.

லோகநாதன் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டாவது புதுச் சாவியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினான்.

"இது எதுக்குப்பா எங்கிட்ட?"

"வண்டியோட இன்னொரு சாவிங்க. நீங்களே வெச்சிக்கங்க. என் வீட்டுல வெக்க எடம் இல்ல."