கரண்டி பிடிக்கிற கை

அக்காவுக்கு எம்.எல்.ஏ. தர வேண்டிய பாக்கி, முதல் தேர்தலுக்குக் கட்டிய டெபாசிட் பணம். வளையலை விற்று அவள் கொடுத்தது. கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாரே தவிர, திருப்பிக் கொடுத்ததில்லை. "குடுத்துட்டா அக்காவோட கணக்குத் தீந்த மாதிரி ஆயிடுமேய்யா" என்பார்.

எதையும் முகராமல் வாயில் வைக்கமாட்டார். சட்டமன்ற உணவகத்தில் அமைச்சரே உபசரித்தாலும் தட்டு முதலில் மூக்குக்குத்தான் போகும். எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, "மூணு தரம் காய்ச்சினது. எடுத்துட்டுப் போ" என்பார். தப்பாது. சும்மா வந்த பதவியா அது? மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, எச்சில் தட்டு கழுவி, சொந்தமாக ரொட்டிக்கடை போட்டு, மூன்று தடவை ஜெயித்து வந்தவர். பட்டம் வாங்கியவர்கள் தன் அறை வாசலில் கைகட்டி நிற்பதைக் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்து ரசிப்பார். "அவனுங்க தாளைப் படிச்சாங்க. நான் ஆளைப் படிச்சேன்."

கெட்ட பாலைக் குடித்துப் பள்ளிப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். பள்ளிச் சமையலறை ஒவ்வொன்றிலும் குளிர்பெட்டி, குழாய்த் தண்ணீர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டு, அபராதம். தலைமையாசிரியர் குமாஸ்தாவைக் காட்டுவார், குமாஸ்தா பால்காரரைக் காட்டுவார் என்று தெரிந்து, தாமே ஒரு பிரிவையும் சேர்த்தார்: அபராதத்தைச் சமையல் பொறுப்பாளரே கட்ட வேண்டும். "கரண்டி பிடிக்கிற கைதான் பதில் சொல்லணும்!" என்று அவர் முழங்கியதும் சபையே மேசையைத் தட்டியது.

குளிர்பெட்டி வாங்கப் பணம்? அது கல்வி நிதி மசோதாவில் இருந்தது. "ரெண்டையும் சேத்துத் தூக்கினா ரெண்டும் விழுந்துரும்ணே. இப்ப சட்டம், அடுத்த கூட்டத்துல நிதி" என்று நிதியமைச்சர் தோளில் கைபோட்டார். ஆளைப் படிக்கத் தெரிந்தவர் தலையாட்டினார். அடுத்த கூட்டத்தில் நிதி வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்திலும் இல்லை. சட்டம் மட்டும் சொன்ன தேதியில் அமலுக்கு வந்தது.

அவருடைய அக்கா ஒரு பள்ளியில் சமையல் பொறுப்பாளர். போன வாரம் ஆய்வாளர் வந்து, குளிர்பெட்டி இல்லையென்று அவள் சமையலறையைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார். பிள்ளைகளுக்கு மத்தியானம் பிஸ்கட். அக்காவுக்கு அரை வருடச் சம்பளம் அபராதம்.

"ஒரு போன் போட்டா திறந்துடுவாங்கய்யா" என்றார் உதவியாளர்.

"என் சட்டத்துக்கு நானே ஓட்டை போடணுமா?" என்று எரிந்து விழுந்தார். சாயங்காலம் தானே கிளம்பிப் போனார்.

பூட்டிய கதவுக்கு வெளியே, முற்றத்தில் உட்கார்ந்து அக்கா காலி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க எம்.எல்.ஏ." என்றாள். எப்போதும் 'டேய்' என்று கூப்பிடுகிறவள்.

"அந்த டெபாசிட் கடன்க்கா. வட்டியோட கொண்டாந்திருக்கேன்."

"அபராதம் எவ்வளவோ அவ்வளவுதான் கடனும் வட்டியுமா? நல்ல கணக்கு."

"கட்டிட்டு ரசீது வாங்கிக்க. அடுத்த கூட்டத்துல நிதி வந்துரும்."

"பள்ளிக்கூடத்துக்குக் காசு வாங்கியாறேன்னு சொல்லித்தானே என் வளையலைக் கேட்டீங்க? பூட்டு வாங்கியாந்துட்டீங்க." அண்டாவைக் கவிழ்த்தாள். "தினம் பாலை மோந்துட்டுத்தான் ஊத்துனேன். ஒரு புள்ளை வயித்து வலின்னு வந்துச்சா?"

சின்ன வயதில் பூசணம் பிடித்த ரொட்டியை அவர் வாயிலிருந்து தட்டிவிட்டு, "மோந்து பாத்துத் தின்னுடா" என்று முதுகில் ஒன்று வைத்தவள் அவள்தான்.

ஈரக் கையைத் துடைத்து நீட்டினாள். அவர் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தார். கடைசி நோட்டு விழுந்த பிறகும் அவள் கையை மூடவில்லை. விரித்தபடியே மூக்கருகில் கொண்டுபோய், அவர் கண்ணெதிரே, நிதானமாக முகர்ந்து பார்த்தாள்.