பத்து நாள் பிளேக் பாஸ்போர்ட்

எங்கள் ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியூரில் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால், சீவில்லிபுத்தூர் என்று சொல்லிவிடுவோம். கோயில் இருப்பதால் அந்த ஊர் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரைச் சொன்னால் அது எந்தத் தாலுகா, பக்கத்தில் என்ன ஊர் என்று நாலு கேள்வி வரும். கடைசியில் சீவில்லிபுத்தூரில்தான் போய் நிற்கவேண்டியிருக்கும். அதனால் முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுவது. நான் பெங்களூரிலிருந்து கல்யாணத்துக்காக ஊருக்கு வந்த வருஷம் வரைக்கும் இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

அப்போது பெங்களூரில் பிளேக். அங்கே ஒரு பஞ்சு மண்டியில் நான் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். ஊரில் என் தாய்மாமா மகளை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். மண்டியில் லீவு சொல்லிவிட்டு ரயிலேறினேன். வழியில் ஒரு ஜங்ஷனில் வண்டியை நிறுத்தி, எங்களை எல்லாம் கீழே இறக்கி வரிசையில் நிற்கவைத்து, கக்கத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதவனைச் சும்மா விடக்கூடாது என்பது சட்டம் போலும். கையில் ஒரு காகிதத்தைத் திணித்தார்கள். அதற்குப் பெயர் பிளேக் பாஸ்போர்ட். போய்ச் சேருகிற ஊரில் பத்து நாள், தினமும் காலை எட்டு மணிக்கு அதிகாரி முன்னால் நின்று உடம்பைக் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும். ஒரு நாள் தவறினாலும் கேஸ், முதலிலிருந்து பத்து நாள்.

"எந்த ஊர்?" என்று கேட்டார் எழுதிக்கொண்டிருந்தவர்.

பழக்கதோஷம். "சீவில்லிபுத்தூர்" என்றேன்.

ராஜபாளையத்தில் மாட்டுவண்டியை விட்டு இறங்குவதற்குள் நான் பிளேக் மாப்பிள்ளை ஆகிவிட்டிருந்தேன். எனக்கு முன்னால் செய்தி எப்படி வந்தது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சின்ன வயதில் தாய் தகப்பன் போனபிறகு மாமா வீடுதான் எனக்கு வீடு. மாமா தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று யோசித்து யோசித்தே முடி நரைத்தவர். வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்.

"ஏலே, கோவிச்சுக்கிடாத. பத்து நாளும் முடியட்டும். ஒனக்கு ஒண்ணுமில்லன்னு சர்க்கார் காயிதம் கையில வந்த பொறவுதான் தாலி. காயிதம் வரலைன்னா இந்தப் பேச்சே வேண்டாம். எனக்கு ஊரு முக்கியம்."

உள்ளேயிருந்து அத்தை வந்தார். மாமாவின் மனைவி, எனக்கு மாமியாராக வரவேண்டியவர். மாமாவை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிளேக்கே பயப்படும். "என் மருமவனுக்கு என்ன நோவு வந்துச்சு? மூஞ்சியப் பாத்தாத் தெரியலையா? பசியில வந்து நிக்கான்" என்று சொல்லி, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். ஜங்ஷனை விட்ட பிறகு என்னைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். சோறு போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. மோரில் மிளகாய் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் காலையில் எங்கள் ஊர் யூனியன் ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்தவர் காகிதத்தைக் கையில் வாங்கவில்லை. என்னையே விரித்துப் பிடிக்கச் சொல்லித் தூரத்திலிருந்து படித்தார். "சீவில்லிபுத்தூர்னு இருக்கே. மாகெந்துகு அப்பா?" என்றார். நமக்கெதற்கு என்று அர்த்தம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அலுத்துப்போனால் ஆபீஸிலும் அதுதான் வரும்.

அங்கிருந்து ஏழு மைல் ஓடாத குறையாகப் போனேன். சீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துப் பிளேக் கச்சேரி என்று போர்டு மாட்டியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் ஒரு மூங்கில் பிரம்பு. அதன் நுனியால் என் கையைத் தூக்கிக் கக்கத்தைப் பார்ப்பார். பிறகு நாலு கேள்வி: "காய்ச்சல் உண்டுமா? கட்டி உண்டுமா? வீட்டுல எலி செத்துச்சா? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" நான் இல்லை, இல்லை, இல்லை, சௌக்கியம் என்று சொல்லவேண்டும். கையெழுத்து விழும்.

"ஐயா, நான் இருக்கது ராஜபாளையத்துல" என்று முதல் நாளே சொல்லிப் பார்த்தேன்.

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுல சீவில்லிபுத்தூர்னு போட்டிருக்கு. அப்ப நீரு இங்கதான் இருக்கீரு" என்றார்.

நோயாளி என்று சந்தேகப்பட்ட ஒருவன் ஊர் சுற்றாமல் இருப்பதற்காகப் போட்ட சட்டம் அது. அந்தச் சட்டத்தை மதித்து நான் தினமும் பதினான்கு மைல் ஊர் சுற்றினேன். போகும்போது பஞ்சு வண்டியில் தொற்றிக்கொள்வேன், திரும்பும்போது நடை. கச்சேரியில் இன்ஸ்பெக்டர் தனக்காகக் கொதிக்கவைத்த சுக்குத் தண்ணீர் ஒரு பானையில் இருக்கும். கையெழுத்துப் போட்டதும் தூரத்திலிருந்தே ஒரு கொட்டாங்கச்சியில் எனக்கும் ஊற்றச் சொல்வார். அந்த ஊரில் நான் குடித்தது அது ஒன்றுதான். ஏன் கொதிக்கவைக்கிறார் என்று நான் கேட்டதில்லை. பெரிய மனிதர்களுக்குத் தொண்டை அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

நான் தினமும் அந்த ஊருக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் அத்தை ஒரு நேர்த்திக்கடன் நேர்ந்துகொண்டார். பத்துக் கையெழுத்தும் தடங்கலில்லாமல் விழவேண்டும். அதுவரைக்கும் ஆண்டாள் ஊர்க் குளத்துத் தீர்த்தத்தைத் தவிர வேறு எதுவும் பகலில் அவர் வாயில் படாது. என் கையில் ஒரு பித்தளைச் சொம்பைக் கொடுத்தார். நான் கொண்டுவந்து சேர்க்க மத்தியானம் ஆகும். அதுவரை பட்டினியாக இருப்பார். சொம்பை என் கையிலிருந்து வாங்குவது அவர் மகள். கதவுக்குப் பின்னாலிருந்து வளையல் போட்ட ஒரு கை மட்டும் நீளும். கூட வளர்ந்தவள்தான், ஆனால் நிச்சயம் ஆனபிறகு என் முன்னால் வரக்கூடாது; அவளில் நான் பார்த்தது அந்தக் கைதான். அந்தக் கைக்காக இன்னும் ஏழு மைல் நடக்கலாம் என்றிருந்தது.

சீவில்லிபுத்தூரில் தினமும் தண்டோராப் போட்டார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் யாரும் வரக்கூடாது, எலி செத்தால் சொல்லவேண்டும், வெளியூர் ஆளை வீட்டில் வைத்தால் தண்டனை. ஊரே எலியைத் தேடிக்கொண்டிருந்தது. வாந்திபேதியைப் பற்றித் தண்டோராவில் ஒரு வார்த்தை கிடையாது. அது வருஷா வருஷம் வருகிற விருந்தாளி. வீட்டு மனிதர் மாதிரி ஆகிவிட்டது. வந்தால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்விடும். பிளேக் என்றால் புதுச் சம்பந்தம், மரியாதை பலமாக இருந்தது.

ஆறாம் நாள் குளத்தில் நான் தண்ணீர் மொள்ளப் போனபோது, வழக்கமான படியில் ஒரு பெண் கோரைப்பாயை அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு குவியல் துணி. முகம் வீங்கியிருந்தது, அழுதிருப்பாள் போல. வீட்டில் யாருக்கோ சரியில்லை என்று எனக்குப் புரிந்தது. நான் ஒன்றும் மடையன் இல்லை. படித்தவன், பெங்களூர் பார்த்தவன். அந்தப் படியை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு எதிர்ப்படிக்குப் போய் அங்கே மொண்டேன். இரண்டு படிக்கும் குளம் ஒன்றுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஊர்க் காகிதம் இந்த ஊருக்குச் செல்லாது என்று சொன்ன யூனியன் ஆபீஸ்காரரை நினைத்து ஐந்து நாளாகச் சிரித்துக்கொண்டிருந்தவன் நான்.

எட்டாம் நாள் நான் திரும்பி வரும்போது கதவுக்குப் பின்னாலிருந்து கை நீளவில்லை. உள்ளே அத்தை கிணற்றடிப் பக்கம் சுருண்டு கிடந்தார். காலையிலிருந்து வாந்தி, பேதி. கண் உள்ளே போய்விட்டது. மாமா வைத்தியரைக் கூட்டிவர ஓடியிருந்தார். மகள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊருக்கு வந்தபிறகு முதன்முதலாக முழுசாக அவளைப் பார்த்தேன். அத்தை என்னை அடையாளம் கண்டுகொண்டு, "எம்புட்டு ஆச்சு?" என்று கேட்டார். நான் எட்டு என்று விரலைக் காட்டினேன். "இன்னும் ரெண்டு" என்றார். தாகம், தாகம் என்றார். சொம்பில் தீர்த்தம் இருந்தது. கொடுத்தேன்.

வைத்தியர் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். விடிவதற்கு முன்னால் அத்தை போய்விட்டார்.

அன்றைக்கு ஒன்பதாம் நாள். பாடை கட்ட மூங்கில் வந்து இறங்கியது. நான் ஒரு முனையைப் பிடிக்கவேண்டியவன். அத்தைக்கு மகன் கிடையாது. மாமா என் தோளைத் தொட்டார். ஊருக்குத் திரும்பியபிறகு அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"நீ போ" என்றார். "கையெழுத்து விட்டுறாத. அதுக்குத்தான அவ பட்டினி கெடந்தா."

"மாமா, பொணத்தப் போட்டுட்டு..."

"போலே. முதல்லருந்து பத்து நாளுன்னா அவ கெடந்த பட்டினிக்கு என்ன அர்த்தம்?"

போனேன். பஞ்சு வண்டி கிடைக்கவில்லை, ஓடினேன். பிரம்பு என் கையைத் தூக்கியது. காய்ச்சல் இல்லை, கட்டி இல்லை, எலி இல்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டபோது வாயிலிருந்து சௌக்கியம் என்றே வந்தது. எட்டு நாள் சொல்லிப் பழகிவிட்டது. நான் ஊர் திரும்பியபோது சுடுகாட்டிலிருந்து எல்லோரும் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வாசலில் யூனியன் ஆட்கள் சுண்ணாம்புத் தூளைக் கொட்டியிருந்தார்கள். பிளேக் மாப்பிள்ளை இருக்கிற வீட்டில் சாவு என்று கேள்விப்பட்டு, எலி செத்ததா என்று விசாரித்துவிட்டு, இல்லை என்றதும் நிம்மதியாகப் போனார்களாம்.

பத்தாம் நாள் இன்ஸ்பெக்டரிடம் உண்மையைச் சொன்னேன். "எங்க அத்தை செத்துட்டாக. வாந்திபேதி."

அவர் பேனாவை நிறுத்தினார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "கக்கத்துல கட்டி இருந்துச்சா?"

"இல்ல."

"காய்ச்சல்?"

"இல்ல. உடம்பு சில்லுன்னு இருந்துச்சு."

"அப்ப இதுல எழுத எடமில்ல" என்று சொல்லிவிட்டுப் பத்தாவது கையெழுத்தைப் போட்டார். அடியில் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதி முத்திரை குத்தினார். கொட்டாங்கச்சியில் சுக்குத் தண்ணீர் வந்தது. அப்போதுதான் அந்தப் பானையைப் பார்த்தேன், அதன் கீழே எரிந்துகொண்டிருந்த விறகைப் பார்த்தேன். கையிலிருந்ததைக் குடிக்க முடியவில்லை. வாசலில் கொட்டிவிட்டு வந்தேன். வரும் வழியில் சொம்பையும் ஏதோ ஒரு ஓடையில் விட்டெறிந்தேன்.

வீட்டில் மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் பின்னால் அவள் நிற்பது தெரிந்தது. என் கையில் சொம்பு இல்லாததை அவள் பார்த்திருப்பாள். எங்கே என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அவளைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்திய இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை. மாமாவிடம் காகிதத்தை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கு?"

தமிழில் சொன்னேன். இந்த நபர் பத்து நாளும் ஆரோக்கியமாக இருந்தார். இவரால் எந்தத் தொற்றும் ஊருக்குள் வரவில்லை.

மாமா தலையை ஆட்டினார். அத்தை கிடந்த இடத்தில் ஏற்றிவைத்திருந்த விளக்கைப் பார்த்தார்.

"அவ கேக்க ஆசப்பட்டது இதுதான்" என்றார். "இன்னொரு தடவ படி. சத்தமாப் படி."

சத்தமாகப் படித்தேன்.