படத்தில் இல்லாதவர்கள்

சென்னையிலிருந்து திரும்பும் பேருந்து திண்டிவனத்தை நெருங்கியபோது, அண்ணன் தன் மூளையின் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கறுப்புத் தாளில் வெள்ளையும் சாம்பலுமாக ஒரே தலையின் பல துண்டுகள். ஒவ்வொன்றின்மேலும் விரலை வைத்து நிதானமாகத் தேடிக்கொண்டு வந்தார். முன் இருக்கைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்ததை அவர் கவனிக்கவில்லை. யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூற்று மூன்றில் அண்ணன் திண்டிவனத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதினேழு வயது. நானும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஒரு சாயங்காலம் எல்லா மிஷினும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, "நிறுத்துங்க! அவங்க பேசறது எனக்குக் கேக்கல" என்று கத்தினார். எல்லோர் விரல்களும் அப்படியே நின்றன. அந்த அமைதியில் அவர் தலையைச் சாய்த்து எதையோ கேட்டார், சிரித்தார். ஒரு கிழவரும் ஒரு பெண்ணும் தன்னைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள் என்று பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். "சில நேரம் திட்டுவாங்க பாப்பா. சில நேரம் நல்லாத்தான் பேசிக்கினு இருப்பாங்க."

அம்மா முதலில் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சாமியாரிடம் ஜெபிக்கச் சொன்னாள், பிறகுதான் ஆஸ்பத்திரி. மாத்திரை கையை நடுங்கவைத்தது. டைப் அடிக்கிறவருக்குக் கை நடுங்கினால் என்ன மிச்சம்? வேலை போயிற்று. அப்பா ஏற்கெனவே இல்லை. எனக்கு விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவேன். அங்கே கூட வேலை பார்த்த ஒருவர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். பொறுமையான மனிதர், சிரித்தால் கண்ணும் சிரிக்கும். வீட்டில் உள்ளதைச் சொன்னேன். அவர் பின்வாங்கவில்லை, பின்வாங்கியது நான்தான். ரத்தத்தில் ஓடுகிற விஷயம் என்று ஊரே சொன்னது. எனக்குப் பிறப்பதும் ஒருநாள் இப்படித் தலையைச் சாய்த்துக் கேட்கும் என்று பயந்தேன். வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அதற்குப் பத்து வருடம் கழித்துத்தான் சென்னையில் மனநோய் ஆராய்ச்சி செய்யும் ஒரு டாக்டரம்மா, ஆஸ்பத்திரியில் எங்கள் விவரம் வாங்கிக்கொண்டு ஆள் அனுப்பினார். இந்த நோய் உள்ள குடும்பங்களின் ரத்தத்தில் மரபணுக்களைப் பார்க்கிறார்கள், நோயாளியின் மூளையைப் படம் எடுக்கிறார்கள் என்றார்கள். அம்மா, அண்ணன், நான் மூவரும் ரத்தம் கொடுத்தோம். அண்ணனைக் குழாய் போன்ற இயந்திரத்துக்குள் அனுப்பினார்கள். நோய் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லி அம்மா படத்தை நீட்டினாள். டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. "ஆயிரம் பேர் படத்தைச் சேர்த்து வெச்சா ஏதோ வித்தியாசம் தெரியுதும்மா. உங்க பிள்ளை ஒருத்தரோட படத்துல இதுதான்னு என்னால தொட்டுக் காட்ட முடியாது. அதுக்குத்தான் பாடுபட்டுக்கினு இருக்கோம்."

அம்மா வெளியே போனதும் நான் கேட்டேன், "எனக்குப் பொறக்கறதுக்கும் வந்திருக்குமாங்க?"

"மத்தவங்களைவிடக் கொஞ்சம் வாய்ப்பு அதிகம். ஆனா வராமப் போறதுக்குத்தான் நிறைய வாய்ப்பு. உங்களுக்கு எத்தினி பசங்க?"

கல்யாணம் ஆகவில்லை என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். இந்தக் கேள்வியைப் பத்து வருடத்துக்கு முன்னால் யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்காமலே பதிலை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பேருந்தில் அண்ணன் கடைசித் துண்டுவரை பார்த்து முடித்தார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இதுல அவங்க யாருமே இல்லியே, பாப்பா" என்றார். அதை உறைக்குள் போட்டுவிட்டு, "அப்போ இத்தினி வருஷமா நான் தனியாவா இருந்தேன்?" என்றார்.

நான் இருந்தேனே என்று சொல்லியிருக்க வேண்டும். காலையில் போய் இருட்டிய பிறகு வருகிறவளுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. டாக்டரம்மா மாற்றிக் கொடுத்த புது மாத்திரையில் பிறகு குரல்களும் மெல்ல நின்றன. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அண்ணன்தான் பேச ஆளில்லாதவர்போல வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். அம்மா இறந்த மறு வருடம், ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த அண்ணன் எழுந்திருக்கவில்லை.

சில மாதம் கழித்து டாக்டரம்மாவின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது, அண்ணனை மறுபடி படம் எடுக்க வேண்டும் என்று. அவர் இறந்துவிட்டார் என்றேன். அந்தப் பெண் வருத்தம் தெரிவித்துவிட்டுத் தயங்கிக் கேட்டாள், "கூடப் பொறந்தவங்க படமும் வேணுங்க மேடம். நீங்க வர்றீங்களா?" யாருக்காவது, எப்போதாவது அந்த டாக்டரம்மாவால் தொட்டுக் காட்ட முடியட்டும் என்று போனேன்.

இயந்திரத்துக்குப் போகும் முன் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றாள் நர்ஸ். கம்மலைக் கழற்றினேன். "கூட வந்தவங்க கையில குடுத்துட்டு வந்துடுங்கம்மா" என்றாள். கம்மலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வரிசையாகக் காலியாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தபடி நின்றேன்.