ஞாயிறு மூன்று மணிக்கு லினக்ஸ்

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு சி.பி.யூ. பெட்டியின் மேல் இன்னும் உதிரவில்லை. அதற்குள் என் கம்ப்யூட்டருக்குத் தகுதியில்லை என்று விண்டோஸ் அறிவித்துவிட்டது. புதிய பதிப்புக்கு இந்தக் கணினி போதாது, பழைய பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, புதிய கணினிகளைப் பார்க்க இங்கே அழுத்துங்கள். திரை முழுக்க, நீல நிறத்தில், மிகுந்த மரியாதையோடு.

பெரம்பலூரில் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டரை நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினேன். அதன் ஒவ்வொரு திருகும் எனக்குத் தெரியும். ஆபீஸ் வேலைக்கு அவர்கள் கொடுத்த லேப்டாப் தனியாக இருக்கிறது. இது விளையாடுவதற்கு மட்டும். மற்றவர்கள் எழுதிய மென்பொருளைச் சோதித்துக் குறை சொல்வது என் தொழில். ஒரு மென்பொருள் என்னைக் குறை சொன்னது அதுதான் முதல் தடவை.

லாரி ஓட்டும் அப்பாவிடம் அந்த அறிவிப்பைப் படித்துக் காட்டினேன்.

"எஃப்.சி.க்கே போகாம வண்டி தேறாதுங்கிறானா?" என்றார்.

"ஆமாப்பா."

"ஓடுதுல்ல?"

"நல்லா ஓடுது."

"அப்புறம் அவனுக்கு என்ன வந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் வரிசையாகப் பதில்கள் இருந்தன. நான் முதல் பதிலைத் தொடங்குவதற்குள் அவர் சாப்பிடப் போய்விட்டார்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் பாகங்கள் வாங்கும் கடைக்காரருக்கோ கேள்வியே இல்லை. "தங்கச்சி, இதைக் குடுத்துட்டு புதுசு எடுத்துக்குங்க. உள்ள கலர் கலரா லைட்டு எரியும்" என்றார்.

"விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போடப் போறேண்ணா. அது இலவசம்."

"லினக்ஸா? அது காலேஜ் லேப்ல போடுறதுங்க. வூட்டுல யாரு போடுவா?"

அவருக்குப் பின்னால் விற்பனைக்கு வரிசையாக நின்ற திரைகள் ஒவ்வொன்றின் மூலையிலும் காசு கட்டி விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லும் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. யாரும் காசு கொடுத்து வாங்காத ஒன்றுக்கு இவ்வளவு விசுவாசம் எப்படி வருகிறதென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

லினக்ஸ் பக்கம் இருப்பவர்கள் இதைவிட மேல் என்று நினைத்துவிட வேண்டாம். லினக்ஸ் போட்டதும் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று ஓர் இணையக் குழுவில் எழுதினேன். ஒருவர், இந்தக் காலத்தில் பிரிண்டர் எதற்கு என்று கேட்டார். இன்னொருவர், நான் தேர்ந்தெடுத்த லினக்ஸ் வகையே தவறு, தன்னுடையதுதான் லினக்ஸ் என்றார். மூன்றாமவர் அவரோடு சண்டைக்குப் போனார். மூவரும் என்னை 'ப்ரோ' என்றே அழைத்தார்கள். அவர்கள் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பிரிண்டரின் ஒயரை வேறு துளையில் செருகிப் பார்த்தேன். வேலை செய்தது. அதை நான் குழுவில் தெரிவிக்கவில்லை.

மாற்றுவதற்கு முன் என்னிடமிருந்த விளையாட்டுகளை வரிசை போட்டு, மாற்றியதும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டை லினக்ஸில் ஓடவைக்க இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளன் மாதிரி ஒரு மென்பொருள் இருக்கிறது. அதன் தயவில் பெரும்பாலானவை ஓடின. இரண்டு, விண்டோஸில் ஓடியதைவிட நன்றாகவே ஓடின. கம்ப்யூட்டர் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்து எழுந்திருப்பது நின்றது. விளம்பரம் நின்றது. தகுதியற்ற என் கம்ப்யூட்டரைப் பார்த்து நான் கொஞ்சம் அதிகமாகவே மகிழ்ந்துவிட்டேன்.

ஓடாதது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.

அரியலூரில் வாழ்க்கைப்பட்ட என் கல்லூரித் தோழியும் நானும் ஞாயிறு மூன்று மணிக்கு இணையத்தில் ஒரு துப்பாக்கிச் சண்டை ஆடுவோம். அந்த நேரத்தில் அவள் கணவர் சாப்பிட்டுத் தூங்குவார், மாமியார் டிவி பார்ப்பார். வாரத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். முன்பின் தெரியாதவர்களோடு அவள் ஆடமாட்டாள். ஒருமுறை ஆடியபோது, அவள் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் இருந்த வீரன் ஒருவன் சாம்பார் வைக்கப் போகச் சொன்னான். நான் கூட இருந்தால்தான் அவளுக்கு ஆட்டம்.

அந்த ஆட்டத்தில் ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க ஒரு காவல் நிரல் உண்டு. அது கணினியின் அடிவயிறு வரை இறங்கிப் பார்க்க வேண்டுமாம். லினக்ஸில் அதற்கு வழியில்லை. ஆகவே லினக்ஸ்காரர்கள் எல்லாரும் திருடர்கள் என்று முடிவு செய்து வாசலிலேயே தடுத்துவிடுகிறது. விண்டோஸில் உட்கார்ந்துகொண்டு சுவருக்கு அப்பாலிருந்து சுட்டுத்தள்ளும் ஆசாமிகளை அதே காவல் வாரக்கணக்கில் பிடிப்பதில்லை.

"ஏய், உள்ள வாடி" என்றாள் தோழி, போனில்.

"விடமாட்டேங்குது."

"நெட்டு இல்லையா?"

"லினக்ஸ் போட்டுட்டேன்."

"இந்த ஆட்டம் அதுல ஓடாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். ஏதாவது வழி இருக்கும்னு நெனச்சேன்."

"உனக்குக் கொள்கை. எனக்கு மூணு மணி. போடி" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறும் ஆட்டம் இல்லை. அவள் துணி மடித்ததாகச் சொன்னாள். அதற்கடுத்த வாரம் என்ன செய்தாள் என்று சொல்லவுமில்லை. நான் ஹார்ட் டிஸ்க்கில் பாதியைக் காலி செய்து வைத்தேன். வேறு வழி கிடைக்காவிட்டால் அந்தப் பாதியில் விண்டோஸைத் திரும்பவும் குடியேற்ற வேண்டும். நீலத் திரையின் மரியாதையை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் காலி செய்தேன்.

அதற்கு முன்னால் அவளையே லினக்ஸுக்குக் கூட்டிவந்து, வேறு எதையாவது ஆடலாம் என்று ஒரு யோசனை. லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவை எடுத்துக்கொண்டு அரியலூருக்குப் பஸ் ஏறினேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனதில் யோசிக்க நேரம் கிடைத்தது. கிடைத்தும் நான் சரியாக யோசிக்கவில்லை.

அவள் கணவர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர். கடைக் கணக்கெல்லாம் வீட்டில் அவள் ஆடும் அதே கம்ப்யூட்டரில்தான்.

"சிஸ்டர், அதுல நம்ம பில்லிங் ஓடுமா?"

"ஓடாதுண்ணா."

"அப்ப உங்க லினக்ஸுக்கு ஒரு டீ குடுத்து பத்திரமா அனுப்பி வெச்சுருவோம்" என்றார். தோழி என்னைவிட அதிகமாகச் சிரித்தாள்.

அந்தப் பில்லிங் மென்பொருளை எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பில்லின் அடியிலும் 'சோதனைப் பதிப்பு' என்று அச்சடிக்கிறது. தேதியைக் கையால் திருத்த வேண்டும். இதற்காக ஒரு கம்ப்யூட்டரே விண்டோஸுக்கு அடிமையாக இருக்கிறது. டீ நன்றாக இருந்தது.

அவர் கடைக்குக் கிளம்பிய பிறகு இருவரும் உட்கார்ந்தோம். அவளுடைய விண்டோஸிலும் என்னுடைய லினக்ஸிலும் ஓட வேண்டும். இரண்டே பேர், வேறு யாரும் உள்ளே வரக் கூடாது. ஒரு மணி நேரத்தில் நிறுத்த முடிய வேண்டும். இந்த மூன்றும் பொருந்தியவற்றை நான் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வாசித்தேன்.

"பேய் பங்களா."

"எங்க மாமியார் இருக்காங்க, போதும்."

"கார் ரேஸ்."

"நீ ஜெயிச்சுட்டு ஒரு வாரம் பேசுவ. வேணாம்."

"சமையல். ரெண்டு பேரும் சேர்ந்து ஹோட்டல் நடத்தணும்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதைப் பட்டியலிலிருந்து அடித்தேன்.

மிஞ்சியது விவசாயம்.

"ஏண்டி, மம்பட்டியை விட்டு வர்றதுக்குத்தான எங்கப்பா என்னை இன்ஜினியரிங் சேர்த்தாரு?"

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். இரண்டு பேர் வீட்டிலும் சொந்த நிலம் இருந்ததில்லை. பிறத்தியார் நிலத்தில் வேலை செய்து, அதிலிருந்து வெளியே வந்த குடும்பங்கள். அதைத் திரும்பப் போய்க் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டுமாம். வேறு எதுவும் மிஞ்சாததால் வாங்கினோம்.

அடுத்து வந்த ஞாயிறு மூன்று மணிக்கு, அவரவர் வீட்டிலிருந்து தொடங்கினோம். அப்படி ஒரு விவசாயத்தை நான் எங்கும் கண்டதில்லை. மழை சொன்ன நாளில் பெய்கிறது. கரண்டு போவதில்லை. மக்காச்சோளத்தில் படைப்புழு கிடையாது. காலையில் விதைத்தது ஒரு பாட்டு முடிவதற்குள் முளைக்கிறது. விளைந்ததை ஒரு பெட்டியில் போட்டால் கேட்ட விலை வருகிறது. மூட்டைக்குக் கழிவு கேட்க ஆளில்லை. இதை எழுதியவர்கள் வயலைப் படத்தில் பார்த்திருப்பார்கள், அதுவும் தூரத்திலிருந்து.

அதையெல்லாம் நான் போனில் அவளிடம் சொல்லிக்கொண்டே விதைத்தேன். அவள் வேலி போட்டாள்.

அப்பா லோடு இறக்கிவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"என்ன பாப்பா, சோளமா?"

"ஆமாப்பா."

"இவ்வளவு நெருக்கமா போட்டா எங்க வெளையும்?"

"இதுல வெளையும்."

"அந்தத் தொப்பிக்காரி யாரு?"

"அரியலூர்க்காரிப்பா. அவதான் வேலி போடுறா."

கொஞ்ச நேரம் பார்த்தார். "கூலி யாரு குடுக்குறா?"

"கூலி இல்லப்பா. எங்க நெலம்."

"பட்டா யார் பேர்ல இருக்கு?"

போனில் கேட்டேன்.

"ரெண்டு பேர் பேர்லயும்தான் போட்டேன். உங்கப்பாகிட்ட சொல்லு" என்றாள் அவள். "நீ மொதல்ல தண்ணி ஊத்து. ஒரு வரிசையை விட்டுட்ட பாரு."

அப்பாவிடம் சொன்னேன். "பரவால்ல" என்றவர், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் விட்ட வரிசையை விரலால் காட்டினார்.

நான்கு மணிக்கு அந்தப் பக்கம் மாமியார் அழைப்பது கேட்டது. "வரேன் அத்தை, ஆபீஸ் வேலை முடிஞ்சிருச்சு" என்றாள். அவளுக்கு ஆபீஸே கிடையாது. பிறகு என்னிடம், "அடுத்த வாரம் மாடு வாங்கணும். நான் இல்லாம வாங்கிராத" என்று வைத்தாள்.

அப்பா எழுந்து போனதும், விண்டோஸுக்காக ஒதுக்கி வைத்திருந்த பாதி டிஸ்க்கை லினக்ஸோடு சேர்த்தேன். உறுதியாகவா என்று அது ஒருமுறைதான் கேட்டது.